தோற்றாலும் களைகட்டும் மைதானங்கள்

அமெரிக்கப் பேஸ்பாலின் மேல்தட்டில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரங்களின் 30 கிளப்புகள் மோதும் மேஜர் லீக் இருக்கிறது. அதற்குக் கீழே, அந்த 30 கிளப்புகளோடும் தலைக்கு நான்காக இணைக்கப்பட்ட 120 கிளப்புகள், பெரும்பாலும் நடுத்தர நகரங்களிலும் சிற்றூர்களிலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ அன்றாடம் ஆடுகின்றன. மைனர் லீக் எனப்படும் இந்த அமைப்பு சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்ற நான்கு படிகளைக் கொண்டது. அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்தும், டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளிலிருந்தும் பொறுக்கியெடுக்கப்படும் இளைஞர்கள் கீழ்ப்படியில் தொடங்கி, ஒவ்வொரு படியாகத் தேறி, கடைசியில் மேஜர் லீக்கை எட்ட முயல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எட்டுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அறிந்தால்தான் அந்த மைதானங்களில் நடக்கும் கேளிக்கைகளின் பொருள் விளங்கும். ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது மேல்தட்டில் உள்ள தாய்க் கிளப். யார் ஆட வேண்டும், யார் எத்தனை பந்து வீச வேண்டும், யார் எப்போது அடுத்த படிக்கு ஏற வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுவே. மைதானத்தை நடத்துவது, டிக்கெட் விற்பது, தின்பண்டம் விற்பது, விளம்பரதாரர்களைப் பிடிப்பது ஆகியவையே உள்ளூர் கிளப்பின் உரிமையாளருக்கு மிஞ்சும் வேலைகள். ஜூலை மாதத்தில் அணி முதலிடத்தில் நிற்கும்போது அதன் தலைசிறந்த பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, தாய்க் கிளப் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் மேல்படிக்குக் கூட்டிச் சென்றுவிடலாம். ஊர்க்காரர்கள் எவ்வளவு வருந்தினாலும் அதைத் தடுக்க வழியில்லை. தன் கையில் இல்லாத வெற்றியைக் காட்டி எவரும் கல்லாவை நிரப்ப முடியாது என்பதால், மைனர் லீக் கிளப் ஒரு மாலைப்பொழுதை விற்கிறது. அந்த மாலையைச் சிறப்பிக்க அது கண்டுபிடிக்கும் உத்திகளையே அத்தொழிலில் உள்ளவர்கள் ப்ரமோஷன் என்கிறார்கள். இலவசப் பரிசு, வாணவேடிக்கை, இன்னிங்ஸ் இடைவெளிப் பந்தயங்கள், குலுக்கல், மலிவு விலைத் தீனி எல்லாம் அதில் அடக்கம்.

இவற்றை வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்கும் ஆட்டப் பற்றாளர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆயினும், பேஸ்பாலையே மாற்றிய ஒரு பெரும் புதுமை கூட்டம் வராத கிளப்புகளின் நெருக்கடியிலிருந்துதான் பிறந்தது. 1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், வேலைநேரத்தில் பகலாட்டம் பார்க்க ஆளில்லாமல் தவித்த சிறு கிளப்புகள், 1930 ஏப்ரலில் கான்சஸ் மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸிலும், சில நாள்களில் அயோவா மாநிலத்தின் டி மாயினிலும், மின்விளக்கொளியில் இரவாட்டம் நடத்தத் தொடங்கின. மேஜர் லீக் அதே வழிக்கு வர 1935 வரை ஐந்தாண்டு பிடித்தது.

அந்தக் காலத்து உத்தியாளர்களில் முதலில் சொல்லத்தக்கவர் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா லுக்கவுட்ஸ் கிளப்பை நடத்திய ஜோ எங்கல். 1931 ஏப்ரல் 2ஆம் நாள், நியூயார்க் யாங்கீஸ் அணி காட்சி ஆட்டத்துக்காக அவ்வூருக்கு வந்தபோது, ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண்ணை அவர் பந்து வீச அனுப்பினார். அப்பெண் பேப் ரூத், லூ கெரிக் என்ற இரு பெரும் மட்டையாளர்களையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். அவர்கள் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதே எங்கல் தன் அணியின் ஆட்டக்காரர் ஒருவரை வேறொரு கிளப்புக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு வான்கோழியைப் பெற்று, அதைச் சமைத்துப் பத்திரிகையாளர்களுக்கு விருந்து வைத்தார். 1936இல் டிக்கெட் வாங்கியவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் வீடு பரிசு என்று அவர் அறிவித்ததும், சிறிய அந்த அரங்கில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்துத் திரண்டனர். வேலையும் வீடும் இழந்தவர்கள் நிறைந்திருந்த ஆண்டுகளில் ஒரு வீட்டைப் பரிசாக வைத்தது வெறும் விளம்பரத் தந்திரமன்று. தன் ஊர் எதற்கு ஏங்குகிறது என்பதை அம்மனிதர் அறிந்திருந்தார்.

எங்கலுக்குப் பின் வந்த பில் வீக் இந்தக் கலையை ஒரு கொள்கையாகவே வளர்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது மில்வாக்கி நகரத்தின் மைனர் லீக் கிளப்பை நடத்திய அவர், ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவுப்பணி முடித்து வரும் தொழிலாளர்களுக்காகக் காலை ஆட்டங்களை வைத்து, வந்தவர்களுக்குச் சிற்றுண்டியும் கொடுத்தார். பின்னர் மேஜர் லீக்கில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் கிளப்பை வாங்கி, 1951 ஆகஸ்ட் 19ஆம் நாள், மூன்றடி ஏழு அங்குல உயரமே கொண்ட எடி கேடல் என்பவரை மட்டையுடன் களமிறக்கியதால் வீக்கின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. காலை ஆட்டத்தையும் கேடலின் வருகையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னது பார்வையாளரின் வாழ்க்கையை எண்ணிச் செய்யப்பட்டது. பின்னது ஒரு மனிதரின் உடலையே வேடிக்கைப் பொருளாக்கியது. ப்ரமோஷன் என்ற பெயரில் நடப்பவை அனைத்தையும் எடைபோட இந்த வேறுபாடு இன்றும் உதவும்.

1949ஆம் ஆண்டு மைனர் லீக்கின் உச்சம். அப்போது 59 லீக்குகளில் ஆடிய கிளப்புகளைக் காண ஏறத்தாழ 4 கோடி டிக்கெட்டுகள் விற்றன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தொலைக்காட்சியும், குளிரூட்டப்பட்ட வீடுகளும், நகரத்தை விட்டு மக்கள் புறநகருக்குப் பெயர்ந்ததும் சேர்ந்து, லீக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அழித்துவிட்டன. ஊர் நடுவே புல் மண்டிய பழைய மைதானங்கள் மட்டும் எஞ்சின.

மறுமலர்ச்சியின் கதையை வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரத்தைக் கொண்டு சொல்லலாம். சிகரெட் ஆலைகளால் வளர்ந்த அந்நகரத்தில் 1902இல் தோன்றிய கிளப், டர்ஹம் புல்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்று, 1971க்குப் பின் ஆடாமல் நின்றுபோயிருந்தது. மைல்ஸ் வுல்ஃப் என்பவர் ஏறத்தாழ 2,400 டாலருக்கு அதன் உரிமத்தை வாங்கி, 1980இல் மீண்டும் களமிறக்கினார். பழைய மைதானம் நிரம்பத் தொடங்கியது. மைனர் லீக்கில் தாமே ஆடியிருந்த ரான் ஷெல்டன், அந்த மைதானத்திலேயே எடுத்து இயக்கிய ‘புல் டர்ஹம்’ திரைப்படம் 1988இல் வெளிவந்தபோது, பேருந்துப் பயணமும் மலிவு விடுதியும் நிறைவேறாத கனவும் கலந்த இந்த வாழ்க்கையை அமெரிக்கா முழுவதும் கண்டது. அப்படத்துக்காக மைதானச் சுவர்மேல் ஒரு மரக்காளை நிறுத்தப்பட்டது. அதன்மேல் பந்தை அடிப்பவருக்கு ஒரு மாட்டிறைச்சி விருந்து என்று எழுதப்பட்டிருந்தது. படப்பிடிப்பு முடிந்தும் ஊரார் காளையை அகற்ற விடவில்லை. 1995இல் திறக்கப்பட்ட புதிய அரங்கிலும் ஒரு காளை நிற்கிறது. உள்ளூர் ஆட்டக்காரர் பந்தைச் சுவருக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் எடுத்ததும், அதன் கண்கள் சிவந்து ஒளிர, மூக்கிலிருந்து புகை வர, வால் ஆடுகிறது. ஒரு திரைப்படத்தின் அலங்காரம் ஊரின் சொந்த அடையாளமாக மாறியிருப்பதைப் புதிய அரங்கை ஒட்டிய பழைய சிகரெட் ஆலைக் கட்டடங்கள் இன்னும் தெளிவாக்குகின்றன. ஆலைகள் மூடியபின் அலுவலகங்களாகவும் உணவகங்களாகவும் மாற்றப்பட்ட அவ்வளாகத்தில் புல்ஸ் ஆட்ட நாள்களில் மாலைக்கூட்டம் திரள்கிறது.

பில் வீக்கின் மகன் மைக் வீக் இந்த மரபை மறுபடி ஒரு புது நிலைக்குக் கொண்டுபோனார். அவர் தொடங்கிய இடமோ ஒரு பெருந்தோல்வி. 1979 ஜூலை 12ஆம் நாள், தந்தையின் சிகாகோ வொயிட் சாக்ஸ் கிளப்பில் பணியாற்றியபோது, டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருபவருக்கு 98 சென்ட்டில் அனுமதி என்று அறிவித்து, அத்தட்டுகளை மைதானத்தில் வெடிவைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சிக்கு அவர் ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் பாய்ந்தனர். அன்று நடக்கவிருந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதை நடத்த முடியாமல், அதன் வெற்றி எதிரணிக்கு வழங்கப்பட்டது. கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் ஒருபாலீர்ப்பினரும் வளர்த்த இசைமீதான பகை அந்த இரவில் வெளிப்பட்டது என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் கூறியுள்ளனர், அக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. அதன்பின் பல ஆண்டுகள் பேஸ்பாலில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

1993இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரத்தில், அப்போது எந்த மேஜர் கிளப்போடும் இணையாதிருந்த செயின்ட் பால் செயின்ட்ஸ் என்ற கிளப்பை நடத்த வந்தபோது, எவரையும் இழிவுபடுத்தாத வேடிக்கையை மைக் வீக் கண்டடைந்தார். அங்கு அம்பயருக்குப் புதுப் பந்துகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது, முதுகில் பையைச் சுமந்து ஓடிவரும் ஒரு பன்றி. ஆண்டுதோறும் ஒரு புதுக் குட்டி அப்பணியை ஏற்கிறது, அதற்குப் பெயர் சூட்டும் போட்டியில் ஊரே கலந்துகொள்கிறது. பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவே ஒரு கன்னியாஸ்திரீ கழுத்தையும் தோளையும் பிடித்துவிடும் சேவையை நடத்தினார். முடிதிருத்தும் நாற்காலியும் இருந்தது. அரங்கை ஒட்டிய தண்டவாளத்தில் சரக்கு ரயில் கடந்துபோகும்போதெல்லாம் கூட்டம் கையசைத்து ஆர்ப்பரித்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அவர் பங்குதாரராக இருந்த ரிவர்டாக்ஸ் கிளப், 2002 ஜூலை 8ஆம் நாள், பேஸ்பாலின் மிகக் குறைந்த கூட்டம் என்ற சாதனைக்காக வாயிற்கதவுகளைப் பூட்டிவைத்தது. ஐந்தாம் இன்னிங்ஸ் முடிந்து ஆட்டம் விதிப்படி முழுமைபெறும் வரை டிக்கெட் வாங்கியவர்கள் வெளியே மலிவு விலையில் சாப்பிட்டுக்கொண்டும் வேலிவழியே எட்டிப்பார்த்துக்கொண்டும் நிற்க, உள்ளே வெற்று இருக்கைகளுக்கு முன் ஆட்டம் நடந்தது. அன்றைய அதிகாரபூர்வக் கூட்டம் பூஜ்யம். கூட்டத்தை இழுப்பதே பிழைப்பாகக் கொண்ட ஒரு தொழில் கூட்டமின்மையையே காட்சியாக்கியது இத்துறையின் மிக நுட்பமான கற்பனைகளுள் ஒன்று.

இத்தகைய பெருநிகழ்ச்சிகள் எப்போதோ ஒரு முறை நடப்பவை. அன்றாட வாழ்க்கை வேறு. 2021 முதல் பொதுவாகச் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள், திங்கள் விடுமுறை என்ற முறை வந்தபின், ட்ரிபிள்-ஏ கிளப் பருவத்துக்கு 75 முறையும் சிங்கிள்-ஏ கிளப் 66 முறையும் தன் அரங்கைத் திறக்க வேண்டும். ஆறு நாளும் ஒரே எதிரணி வருவதால், கிழமைகளை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு முழுவதும் ப்ரமோஷன் பிரிவின் தலையில் விழுகிறது. வார நடுவில் ஒரு நாள் நாய்களோடு வருவோருக்குத் தனி இடம், வியாழனன்று மலிவு விலை பீர், வெள்ளியன்று வாணவேடிக்கை, சனியன்று தொப்பியோ தலையாட்டிப் பொம்மையோ முதலில் வரும் ஆயிரம், இரண்டாயிரம் பேருக்கு இலவசம், ஞாயிறு பிற்பகலில் ஆட்டம் முடிந்ததும் குழந்தைகள் களத்துக்குள் இறங்கி நான்கு தளங்களையும் சுற்றி ஓடலாம். மே மாதத்தில் ஒரு வாரநாள் முற்பகலில் ஆட்டம் வைத்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் மாணவர்களைப் பேருந்துகளில் வரவழைப்பதும் எங்கும் வழக்கம். அன்றைய இரைச்சலில் சிறுவர்களின் குரல் மட்டுமே கேட்கும்.

ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு. ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை மாறி மாறி மட்டை பிடிக்கின்றன. அணிகள் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளி கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள், மட்டையின் முனையில் நெற்றியை வைத்துப் பத்துச் சுற்றுச் சுற்றியபின் தள்ளாடித் தள்ளாடி ஓடும் பந்தயத்தையோ, மஸ்காட் எனப்படும் வேடமணிந்த கிளப் உருவத்தோடு ஒரு சிறுமி போட்டியிட்டு வெல்லும் ஓட்டத்தையோ, காற்றழுத்தத் துப்பாக்கியால் மேல் இருக்கைகளுக்குச் சட்டைகளைச் சுருட்டி எய்வதையோ தொடங்கி, முடித்து, களத்தைக் காலி செய்தாக வேண்டும். எந்த இடைவெளியில் எந்தப் பந்தயம், எந்தக் கடையின் விளம்பரம், எந்த நொடியில் இசை என்பதெல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டிருக்கும். பங்கேற்பவர்களைக் கூட்டத்திலிருந்து தேடிப்பிடித்து, பெயரைக் கேட்டு, ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கி, வேலிக்கதவருகே நிறுத்திவைப்பது கல்லூரியிலிருந்து வந்த பயிற்சி ஊழியர்களின் வேலை.

மழை வந்தால் அந்தத் தாள் பயனற்றுப்போகும். உள்களத்தை மூடும் தார்ப்பாய் நீளத்திலும் அகலத்திலும் 50 மீட்டரைத் தாண்டுவது. எடை அரை டன்னுக்கும் மேல். சிறு கிளப்பில் மைதானக் காப்பாளரின் ஆள்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருப்பதில்லை. ஆகவே டிக்கெட் விற்பவர், கணக்கர், சில ஊர்களில் பொது மேலாளர் உட்பட அலுவலகமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடி, கனத்த உருளையில் சுற்றிய தார்ப்பாயை இழுத்து விரிக்கிறது. காற்று ஓரத்தைத் தூக்கிவிட்டால் இழுப்பவர்களும் சேர்ந்து தூக்கப்படுவார்கள் என்பதால், யார் எந்த மூலையைப் பிடிப்பது என்பது முன்பே வகுத்துவைக்கப்பட்டிருக்கும். ஆட்ட நாளில் முற்பகல் வந்தவர்கள் நள்ளிரவுக்கு முன் வீடு திரும்புவது அரிது. விலங்கு வேடத்துக்குள் இருப்பவர் ஜூலை வெப்பத்தில் சில இன்னிங்ஸுக்கு ஒரு முறை உள்ளே போய்த் தலையைக் கழற்றித் தண்ணீர் குடிக்காமல் தாக்குப்பிடிக்க முடியாது. பார்வையாளர் கண்ணில் படாத இந்த உழைப்பின்மேல்தான் மாலையின் உல்லாசம் முழுதும் நிற்கிறது.

கிளப்புகளின் பெயர்களும் இதே வணிகத்தின் பகுதிதான். ஒஹாயோவின் டொலீடோ நகரத்துக் கிளப் 1896இலேயே சதுப்புநிலக் கோழியின் பெயரைச் சூடிக்கொண்டது. அலபாமாவின் மான்ட்கோமரி கிளப் தென்மாநிலங்களில் காலையுணவாகும் மென்மையான பிஸ்கட்டைத் தன் பெயராக்கி, ஆட்டத்தினிடையே பீரங்கிபோன்ற கருவியால் பிஸ்கட்டுகளைக் கூட்டத்துக்குள் எய்கிறது. அதே மாநிலத்தில் விண்வெளி ஆய்வு மையமுள்ள ஹன்ட்ஸ்வில் அருகே, குப்பைத்தொட்டியைக் கிளறும் ரக்கூன் விலங்கின் செல்லப்பெயரைச் சூடிய ராக்கெட் சிட்டி டிராஷ் பாண்டாஸ் கிளப், முதல் ஆட்டம் ஆடுமுன்பே பல லட்சம் டாலருக்குத் தொப்பிகளும் சட்டைகளும் விற்றுவிட்டது. இத்தகைய பெயர்கள் அறிவிக்கப்படும் நாளில் உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்புவது வழக்கம், ஓரிரு பருவங்களில் எதிர்த்தவர்களே அத்தொப்பியை அணிந்து வருவதும் வழக்கம். பெயர்களுக்கு அப்பால், கனெடிகட்டின் ஹார்ட்ஃபர்ட் கிளப் 2019இல் செய்தது இவற்றினும் மேலானது. பேஸ்பாலோடு நூறாண்டுக்கும் மேலாகப் பிணைந்த வேர்க்கடலையை, அது ஒவ்வாத குழந்தைகளும் அச்சமின்றி வந்து அமர வேண்டும் என்பதற்காக, அரங்கிலிருந்தே அது விலக்கிவிட்டது.

ஆட்டக்காரர்களின் பக்கம் நெடுங்காலம் உல்லாசமின்றியே இருந்தது. 2022இல்கூட சிங்கிள்-ஏ ஆட்டக்காரரின் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 11 ஆயிரம் டாலர். பருவம் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும். ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இடங்கொடுத்துச் சோறு போட்டதால்தான் பலர் தாக்குப்பிடித்தனர். மேஜர் கிளப்புகளே உறைவிடம் தர வேண்டும் என்ற விதி 2022இல் வந்தது. அவ்வாண்டு சங்கத்தில் சேர்ந்த மைனர் ஆட்டக்காரர்கள், 2023 மார்ச்சில் தங்கள் முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்று, சிங்கிள்-ஏ ஊதியத்தை 26,200 டாலராகவும், ட்ரிபிள்-ஏ ஊதியத்தை 35,800 டாலராகவும் உயர்த்தினர். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்பில் சேர்ந்து, 2009இல் அதன் கீழ்ப்படி அணியில் பந்து வீசியபோது இந்தப் பழைய நிலையே நிலவியது. அவர்களைப் பற்றி 2014இல் வந்த ஹாலிவுட் படத்துக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான். இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை.

கொரோனாவால் 2020ஆம் ஆண்டின் ஆட்டங்கள் அனைத்தும் கைவிடப்பட்டபின், மேஜர் லீக் இந்த அமைப்பைத் தன் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்து, இணைப்புப் பெற்றிருந்த கிளப்புகளின் எண்ணிக்கையை 160இலிருந்து 120ஆகக் குறைத்தது. எஞ்சியவற்றிடம் விளக்கு, உடைமாற்று அறை, பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்குப் புதிய தர விதிகளை அது சுமத்த, அவற்றுக்கான செலவு பெரும்பாலும் நகராட்சிகளின் தலையில் விழுந்தது. டயமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே நிறுவனம் இன்று 40க்கும் மேற்பட்ட கிளப்புகளை வைத்திருக்கிறது. ப்ரமோஷன் என்பது தன் ஊரை அறிந்த ஒருவரின் கற்பனையிலிருந்து எழுவது. ஒரே தலைமையகத்திலிருந்து நாற்பது ஊர்களுக்கும் ஒரே அட்டவணை போகத் தொடங்கினால், பன்றிக்குட்டிக்குப் பெயர் சூட்டும் உரிமை யாரிடம் இருக்கும் என்ற கவலை நியாயமானதே.

அரங்குச் செலவை முன்பே மறுத்த நகரமும் உண்டு. ஜார்ஜியாவின் சவன்னா நகரம் புதிய அரங்கு கட்ட மறுத்ததால், அங்கிருந்த சிங்கிள்-ஏ கிளப் 2015ஆம் ஆண்டுப் பருவத்தோடு வெளியேறி, தென் கரோலினாவின் கொலம்பியாவில் அந்நகரம் கட்டிக்கொடுத்த புது அரங்குக்குக் குடிபெயர்ந்தது. வெறுமையாய்க் கிடந்த சவன்னாவின் பழைய அரங்கில், 2016இல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஜெஸ்ஸி கோல் தொடங்கிய சவன்னா பனானாஸ் அணி, மைனர் லீக்கின் ப்ரமோஷன் மரபு முழுவதையும் எடுத்துக்கொண்டு, பின்னர் லீக் ஆட்டத்தையே விட்டு, இரண்டு மணி நேர வரம்பும், பார்வையாளர் பிடிக்கும் பந்துக்கு மட்டையாளர் ஆட்டமிழக்கும் விதியும் கொண்ட தன் சொந்த விளையாட்டை நாடெங்கும் நடத்துகிறது. 2025இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்தரங்கில் 80 ஆயிரம் பேர் அதைக் காண வந்தனர். செலவழிக்க மறுத்த நகரத்துக்கு நாடெங்கும் தேடப்படும் டிக்கெட் வாய்த்திருக்கிறது. செலவழித்த கொலம்பியாவில் ஆடும் கிளப் இப்போது கான்சஸ் சிட்டி ராயல்ஸின் இணைப்பில், மேஜர் லீக் 2021இல் பத்தாண்டுக்கு வழங்கிய உரிமத்தின்கீழ் இயங்குகிறது. 120 கிளப்புகளுக்கும் அந்த உரிமம் 2030ஆம் ஆண்டுப் பருவத்தோடு காலாவதியாகிறது.